விசிலுக்கு ஒரு வேர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், எஞ்சின் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சளி இருமல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் எனக்கு எங்கே பேச இடம் இருக்கிறது? உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். "அப்பா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று நீ என்னைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா சொல்றார்" என்று அவள் பதில் சொல்கிறாள். முட்டி என்னுடையது, வலி என்னுடையது, பதில் மட்டும் அவளுடையது. அதனால்தான் அவள் படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தையே அடியில் அட்டையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதிரில் ஒருவர் செய்தித்தாளைத் திரைபோல் விரித்து அதன் பின்னால் குறட்டை விடுகிறார். ரகசியம் எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தலைகீழாப் பிடிச்சாங்க, ஒண்ணும் விழல, நான் ஜெயிச்சிட்டேன், வச்சிடறேன்." நடந்தது அத்தனை சுருக்கமில்லை. பந்தயத்தில் மறு தரப்பு நீ, உனக்கு முழுக்கதையும் தெரிய வேண்டும். அம்மாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து நீ போன் செய்யும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். மூன்று மாடி ஏறி இறங்குகிறீர்கள், அடுப்பு, வெந்நீர், கத்தி, வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று. டாக்டர் பார்த்து, பயப்படும்படி எதுவும் இல்லை, சிலருக்கு வயதானால் வருகிற நடுக்கம்தான், இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று சொன்ன பிறகும் நீ விடவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, கோப்பை தட்டின் மேல் கடகடவென்று ஆடுகிற சத்தம் போன் வழியாக உனக்கும் கேட்டிருக்கும். கடைசியில் ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான் கட்டிட்டு இருக்கற எஞ்சினைக் கண்காட்சியில தலைகீழாப் பிடிச்சு ஆட்டிப் பார்ப்பாங்க. ஒரு துண்டு விழுந்தாலும் மறுபேச்சு இல்லாம பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன். விழலேன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றாள். நீ சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டாய். நீ விளையாட்டாகச் சொன்னாய், அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்த கையோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தவள்தான், அன்றிலிருந்து எனக்குச் சூடான சாப்பாடு கிடைக்கவில்லை.

எஞ்சினை நீ பார்த்ததில்லை. கறுப்பு நிற நீராவி ரயில் எஞ்சினின் சின்ன மாதிரி, ஒரு கையில் தூக்கினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் வரும்போது அது எஞ்சினே அல்ல, பொடிப் பொடியான உதிரிகள். உடம்பையும் சக்கரத்தையும் மாட்டுவது சுலபம், அதை நானே செய்வேன் என்று வாயைக் கொடுத்து ஒருமுறை செய்தும் காட்டினேன். பிறகு அவள் ஓசைப்படாமல் கழற்றி மறுபடி மாட்டினாள். கஷ்டமெல்லாம் சின்னச் சாமான்களில்தான். பக்கத்துக் கைப்பிடிக் கம்பி, அதைத் தாங்கும் குமிழ்கள், முன்விளக்கு, ஏறுகிற படி, மேலே விசில். விசில் ஓர் அரிசி அளவுதான் இருக்கும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் துள்ளிப் பறந்துவிடும், லேசாகப் பிடித்தால் நழுவிவிடும். அதற்காக அவள் தன் ஏப்ரனின் கீழ் ஓரத்தை மேஜையின் அடிப்பக்கம் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு உட்காருவாள். எது நழுவினாலும் மடியில் விழும், தரையில் தேட வேண்டாம். பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம் அது. ஒருநாள் காலிங்பெல் அடித்ததும் மாட்டியிருப்பதை மறந்து அவள் எழுந்தாள், மேஜையும் கூடவே எழுந்தது. கீழ்வீட்டுக்காரர் சர்க்கரை கேட்டுத்தான் வந்தார், பாவம், அரைமணி நேரம் தரையில் தவழ்ந்து எங்களோடு எஞ்சினின் படியைத் தேடிக் கொடுத்துவிட்டு சர்க்கரை வாங்காமலே போய்விட்டார்.

சின்னச் சாமானை எப்படி நிற்க வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. உன் அப்பா காலமெல்லாம் செருப்புக் கடையில் நின்றவன், எனக்குத் தெய்வம் பசைதான். வாங்கிய செருப்பு தெருமுனை போவதற்குள் வாயைப் பிளந்தால், வாடிக்கையாளர் திரும்பி வருவதற்குள் டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவன் நான். அவளுக்குப் பசை என்றாலே இளக்காரம். "பசை பிடிச்சுக்கத்தான் உதவும், நிக்க வேர் வேணும். வேர் இல்லாத பல்லு விருந்தாளி மாதிரி, எப்ப வேணா கிளம்பிடும்" என்பாள். அதனால் ஒவ்வொரு பொடிச் சாமானுக்கும் அவள் வேர் வைப்பாள். விரலால் உருட்டுகிற மெல்லிய துளைக்கருவியால் சாமானின் அடியில் ஒரு துளை, எஞ்சினின் உடம்பில் அதற்கு நேராக ஒரு துளை, நடுவில் முடி போன்ற பித்தளைக் கம்பி. உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசி முனையில் தொட்ட அளவு பசை. மறுநாள் காலை வரை யாரும் அந்தப் பக்கம் தும்மக்கூடக் கூடாது. பெயின்ட்டை ஏன் சுரண்டுகிறாய், அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பெயின்ட் மேல ஒட்டினா அது பெயின்ட்டோடதான் ஒட்டும், எஞ்சினோட ஒட்டாது. இத்தனை வருஷம் செருப்பு ஒட்டின மனுஷனுக்கு இது தெரியாதா" என்றாள். நான் விற்றவன், ஒட்டியது அவசரத்துக்குத்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவள் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள், பின்னால் போய் நின்றால் "மூச்சு விடாதீங்க, துண்டு பறக்குது" என்று விரட்டுவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தோள் நடுங்குவதும், மடியில் ஏதோ விழுகிற சத்தமும், பிறகு ஒரு பெருமூச்சும்தான். நம் வீட்டில் எந்தப் பொருள் உடைந்தாலும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகப் போவோமே, அந்தக் கை. அதை இனி நம்ப முடியாது என்று நீயும் நானுமாக முடிவு கட்டிவிட்டால் அவள் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிடுவாள். அது எனக்குத் தாங்காது. அதனால் ஒரு காரியம் செய்தேன். அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து எஞ்சினை எடுத்து ஒவ்வொரு சாமானையும் விரல் நுனியால் தட்டிப் பார்ப்பேன். எது ஆடுகிறதோ அதற்கு என் பழைய பசை டப்பாவிலிருந்து ஒரு பொட்டு. மேலே அவளுடைய தூரிகையாலேயே கறுப்புப் பெயின்ட். முன்விளக்குக்கு ஒன்று, படிக்கு ஒன்று. நல்ல காரியம் செய்கிற திருப்தியோடு தூங்கினேன்.

விசில் முறை வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். கண்காட்சிக்கு முந்தின வாரம். தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. பசை தடவி இடத்தில் வைக்கப் போனால் எஞ்சினைவிட என் கட்டைவிரலை அதற்குப் பிடித்துவிட்டது. உதறினேன், ஊதினேன், கெஞ்சினேன், அசையவில்லை. அதற்குள் கதவில் சாவி திரும்புகிற சத்தம். எஞ்சினை இடத்தில் வைத்துவிட்டு வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், விரலில் விசிலோடு. திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்களே, அப்படி. அவள் வந்ததும் வராததுமாகப் பையை வாங்கச் சொன்னாள், இடது கையால் வாங்கினேன். உப்பு டப்பாவை எடுக்கச் சொன்னாள், இடது கையால் எடுத்தேன். ரொட்டியை வெட்டச் சொன்னாள், பசியில்லை என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, "என்ன, திடீர்னு இடதுகைப் பழக்கம்" என்று கேட்டாள். மூளைக்கு நல்லது என்று நூலகத்தில் படித்தேன் என்றேன். "மூளை இருக்கறவங்களுக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் எண்ணெய் போட்டு விரலைத் தேய்த்து, விசிலைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி பசை போட்டு எஞ்சின் தலையில் உட்கார வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தேன்.

கண்காட்சி நகர மண்டபத்தில் நடந்தது. மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் சங்கத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. பெரிய தண்டவாளத்தில் ஓடவிடுவதற்கு முன்னால், வருகிற எஞ்சினை ஒரு வெள்ளைத் துணிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்து, மூன்று தரம் ஆட்டி, விரலால் ஒரு தட்டு, கடைசியில் பலமாக ஓர் ஊது. துணியில் எதுவும் விழக்கூடாது. விழுந்தால் கட்டியவர் எஞ்சினையும் விழுந்ததையும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடுவரை எல்லாரும் கறார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். எங்களுக்கு முன்னால் போன ஒருவருடைய எஞ்சினிலிருந்து புகைபோக்கியே கழன்று விழுந்தது. அந்த மனுஷர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என் பையில் பசை டப்பா இருந்தது, எதற்கு எடுத்துப் போனேன் என்று கேட்காதே.

கறார் நம் எஞ்சினைக் கவிழ்த்தார். உன்னிடம் மறைக்கவில்லை கண்ணு, அந்த நேரத்தில் என் மனசு இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரு பாதி, விழக்கூடாது, அவள் ஜெயிக்க வேண்டும் என்றது. இன்னொரு பாதி, விழட்டுமே, விழுந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடலாம், பேத்தி காலையில் எழுந்து தலை கலைந்து வருவதைப் போனில் இல்லாமல் நேரில் பார்க்கலாம் என்றது. ஆட்டினார், விழவில்லை. தட்டினார், விழவில்லை. மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பி பலமாக ஊதினார். டக்கென்று ஒரு சத்தம். என்னவோ விழுந்துவிட்டது. எல்லாரும் துணிமேல் குனிந்தோம். சத்தம் கேட்டது உண்மை, ஆனால் சாமானைக் காணவில்லை. வெள்ளைத் துணியில் கறுப்புச் சாமான் விழுந்தால் தெரியாமலா போகும்? என் விசில்தான், அதுதான், என்று என் கை பையிலிருந்த பசை டப்பாவைத் தேடிப் போனது. கறார் ஏனோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். உன் அம்மா பதறவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் இடுக்கியால் துணியிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மண்டபத்துக்கே கேட்கும்படி, "இது என் எஞ்சின்ல இருந்து விழல. மேல் வரிசை, இடது பக்கம், முன்பல். யாரு கட்டினாங்க சார் இதை? வேரே சரியா வைக்கலையே" என்றாள்.

மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. கறாரும் கைக்குப் பின்னால் சிரித்தார் என்பதுதான் ஆச்சரியம், அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லையாம். உன் அம்மா அந்தப் பல்லை ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து அவர் கையில் கொடுத்து, வீட்டுப் பசை எதையும் போட்டு ஒட்டிக்கொள்ளாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினாள். வீட்டுப் பசை என்று சொல்லும்போது எதற்காக என் பக்கம் திரும்பினாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நம் எஞ்சின் பெரிய தண்டவாளத்தில் ஏறி வளைவெல்லாம் சுற்றி வந்தது. ஒரு சின்னப் பெண் கூடவே ஓடினாள். உன் அம்மா ஓடவில்லை, நின்ற இடத்திலேயே தலையை மட்டும் அதோடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஜெயித்தது அவள் என்று ஊர் சொல்லட்டும், தாங்கியது என் பசை என்பது எனக்குத் தெரியும் அல்லவா. பெரிய மனசு பண்ணி வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் எஞ்சினை மேஜைமேல் வைத்து, குறடை என் கையில் கொடுத்து, "அந்த விசிலைப் புடுங்குங்க பார்ப்போம்" என்றாள். எதற்கு, ஜெயித்த எஞ்சினை ஏன் கெடுக்க வேண்டும் என்று மழுப்பினேன். விடவில்லை. இழுத்தேன். அசையவில்லை. பலமாக இழுத்தேன், எஞ்சின்தான் கூடவே வந்தது, விசில் வரவில்லை. அவள் ஊசியால் என் பசைப் பொட்டைப் பழத்தோல்போல உரித்து எடுத்தாள். அடியில் சுரண்டின உலோகம், அதில் பித்தளைக் கம்பி, ஜம்மென்று வேர். முன்விளக்குக்கும் அப்படித்தான், படிக்கும் அப்படித்தான். வேர் வைக்குமுன் அளவு பார்க்க அவள் சும்மா வைத்திருந்தவற்றைத்தான் நான் ஒட்டியிருக்கிறேன்; அதையெல்லாம் எடுத்துவிட்டு, வேர் வைத்து நிறுத்தி, என் மனசு நோகக்கூடாதென்று மேலே என் பசையையே ஒரு பொட்டு வைத்துக் கறுப்பும் அடித்திருக்கிறாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வாசனையோடதானே குடும்பம் நடத்தறேன். கதவைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு. பாக்கெட்ல கையை விட்டா பசை வாசனை போயிடுமா?" என்றாள்.

அது சரி, நடுங்குகிற கையால் முடி போன்ற கம்பியை எப்படி நுழைத்தாய் என்று கேட்டேன். அதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல்முறையாகக் காட்டினாள். இரண்டு முழங்கையும் மேஜைமேல் ஊன்றி, வலது கையில் கருவி, இடது கையில் எஞ்சின், இரண்டு உள்ளங்கையின் அடிப்பக்கமும் ஒன்றோடொன்று அழுந்தச் சேர்த்து வைத்துக்கொள்கிறாள். கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் வலது நடுங்கினால் இடதும் அதோடு சேர்ந்து நடுங்குகிறது, கருவியும் எஞ்சினும் சேர்ந்தே ஆடுவதால் ஒன்றுக்கொன்று அசைவதே இல்லை. "நடுக்கத்தை நிறுத்த முடியாது. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து நடுங்கினா வேலை நடக்கும்" என்றாள்.  நான் ஒளிந்து ஒளிந்து பசை தடவிய நாளெல்லாம் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இதைத்தான் பழகியிருக்கிறாள்.

இப்போது உனக்கு ஒரு செய்தி. ஜெயித்த கையோடு அவளே, "டிக்கெட் பாருங்க, பொண்ணைப் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்கிறாள். நான் காதைத் தேய்த்துக்கொண்டு, போகமாட்டேன் என்றுதானே பந்தயம் கட்டினாய் என்றேன். "தோத்திருந்தா அவ நம்மளை அழைச்சிட்டுப் போறா. ஜெயிச்சதால நாமளா போறோம். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். திரும்பி வருகிற டிக்கெட்டை முதலில் எடுக்க வேண்டும், போகிற டிக்கெட்டை அப்புறம் எடுக்கலாம் என்பது அவள் உத்தரவு. பள்ளி விடுமுறை எப்போது என்று எழுது, அதை வைத்து நாள் பார்க்கிறேன். எஞ்சினும் எங்களோடு வருகிறது, குதிகால் செருப்புப் பெட்டி ஒன்று அதற்கு அளவெடுத்தது போல் பொருந்துகிறது. பேத்தியிடம் இப்போதே சொல்லி வை, தலைகீழாகப் பிடித்து ஆட்டலாம், ஊதலாம், ஆனால் நக்கக்கூடாது. ஜன்னலோரம் ஆடாத மேஜை ஒன்றும் நல்ல விளக்கும் வேண்டும், அவள் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டாள். மாப்பிள்ளையின் முன்பல்லில் ஒன்று கட்டியது என்று ஞாபகம், அவர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இன்னும் ஒன்று. அம்மா கோப்பையை எடுக்கும்போது ஆடினால் ஓடிப்போய்ப் பிடுங்காதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் கையை அவள் கைக்கு அடியில் சும்மா வை, போதும். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், தேநீர் சிந்துவதில்லை.

இந்தக் கடிதம் வந்ததாக போனில் மூச்சு விடாதே, ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கட்டும். பசை டப்பா என் பையிலேயே இருக்கிறது, கவரை அதிலேயே ஒட்டிவிடுகிறேன், இனி யாராலும் பிரிக்க முடியாது. எதிரில் தூங்கியவர் எழுந்து போய்விட்டார், நானும் கிளம்புகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல், எந்தக் காற்று ஊதினாலும் விழாமல், நீண்ட நாள் நன்றாக இருங்கள். விடுமுறைத் தேதியை மறக்காமல் எழுது.

உன்னைப் பார்க்க நாள் எண்ணும்,
அப்பா

மகளுக்கு அம்மா எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், நீ எப்படியும் படித்துவிடுவாய். புத்தகத்தைக் கொடுக்கப் போனவர் புத்தகத்தோடு திரும்பி வந்தார். உள்ளே இந்தக் கவர் இருந்தது, தொட்டதும் திறந்துகொண்டது, முழுதும் படித்துவிட்டேன். முட்டி வலி நிஜம்தான், உனக்குக் கவலை வேண்டாமென்றுதான் இல்லை என்றேன். அவர் எழுதியதில் ஒன்றே ஒன்று தப்பு. கறார் எஞ்சினைக் கவிழ்த்தபோது நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, அது விழாது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழட்டுமே என்கிற அந்தப் பாதி மனசு அதில் அப்படியே தெரிந்தது. அதனால்தான் வருகிறோம். அவரிடம் சொல்லிவிடாதே, நான் ஜெயித்ததால்தான் வருகிறோம் என்றே இருக்கட்டும். கவரை மறுபடி ஒட்டி நாலு மூலையிலும் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன். பிரிக்கும்போது விரல் பத்திரம்.